வேரைக் காய வைத்து அனுப்பவும்

ஜூன் 3, செவ்வாய்

கண்ணாடிக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. இதுவரை ஜன்னல் அளவு குறிக்கத்தான் பயன்பட்டது. அரசி ஊரில் இல்லாததால் வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

மங்கையர்க்கரசி, என் மனைவி, திருப்பூரில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். போய்க் கொஞ்ச நாள் ஆகிறது. தங்கைக்குக் காதில் ஆபரேஷன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். காதா மூக்கா என்பது எனக்கே தெரியாது. கிளம்பும்போது அவள் எதுவும் சொல்லவில்லை, நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

போகும்போது செடி வியாபாரத்துக்கென்று வைத்திருந்த பழைய போனை ஃப்ரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டாள். அது நாள் முழுக்கக் கத்துகிறது. மொட்டை மாடி பூராவும் அவள் வளர்க்கும் அடீனியம். அடி பருத்து, மேலே கொஞ்சமாய்க் கிளைவிட்டு, எந்த வெயிலுக்கும் அசராமல் பூக்கிற செடி. அதைப் பெட்டியில் போட்டு கூரியரில் தமிழ்நாடு முழுக்க அனுப்புவாள். இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் 'ஆள் இல்லை' என்று பதில் போட்டால் அவள் திரும்பி வரும்போது வியாபாரம் படுத்திருக்கும். அந்தப் பழியும் என் தலையில்தான் விழும்.

நான் திண்டுக்கல்லில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். ஆள் உயர நிலைக்கண்ணாடியை ராமேஸ்வரத்துக்கு லாரியில் ஏற்றி, ஒரு கீறல் இல்லாமல் இறக்கியிருக்கிறேன். ஒரு செடியைக் கட்டி அனுப்புவதா பெரிய காரியம்?

ஜூன் 4, புதன்

மூன்று பார்சல் கட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக வந்தது.

காலையில் முதல் வேலையாகச் செடிகளுக்கு வயிறு நிறையத் தண்ணீர் விட்டேன். வெளியூர் கிளம்புகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பி எங்கள் வீட்டில் பழக்கமில்லை. பிறகு தொட்டியோடு சேர்த்து பபிள் ஷீட் சுற்றி, நாலு பக்கமும் தெர்மாகோல் அடைத்து, பெட்டியை மூடி, எறும்பு நுழைய இடமில்லாமல் டேப் ஒட்டினேன். கடையிலிருந்து 'கண்ணாடி, கவனம்' ஸ்டிக்கரும் எடுத்து வந்து ஒட்டியாயிற்று. தூக்கிக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

கூரியர் ஆபீஸ் கவுன்டரில் இருக்கிற ஜெயபாரதி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, உள்ள என்ன, கண்ணாடியா செடியா?"

"செடிதாம்மா. இது ஒட்டுனாத்தான் பயந்துக்கிட்டுத் தூக்குவாய்ங்க."

"அக்கா எங்கண்ணே, ஆளையே காணோம்?"

"தங்கச்சிக்கு ஆபரேஷன். வந்துரும்."

அவள் பெட்டியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு ரசீது கிழித்துக் கொடுத்தாள்.

ஜூன் 7, சனி

மூன்றும் செத்துவிட்டன.

மூன்று பேரும் போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியில் ஒரு நசுங்கல் இல்லை. தொட்டி உடையவில்லை. தெர்மாகோல் நான் வைத்தது வைத்தபடி இருக்கிறது. நடுவில் செடி மட்டும் கூழாகிக் கிடக்கிறது. அறந்தாங்கிக்கார அம்மா, 'திறந்ததும் நாற்றம் தாங்கலை' என்று எழுதியிருக்கிறார்.

எனக்குப் புரியவே இல்லை. இடி படவில்லை, ஆட்டம் இல்லை, பிறகு எதனால் சாகும்? அரசி பழைய அட்டைப் பெட்டியில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து ஏனோதானோவென்று கட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். இதெல்லாம் ஒரு பேக்கிங்கா என்று கேலியும் செய்திருக்கிறேன். அவளுடையது போய்ச் சேர்ந்தது. என்னுடையது சேரவில்லை.

ஜூன் 9, திங்கள்

புது ஆள் ஒருத்தி. ஃபிலோமினா, கோயம்புத்தூர் போத்தனூர். 'மேற்குச் சுவர் ஓரம் இருக்கும் ரெட்டை அடி மஞ்சள் வேண்டும்' என்று கேட்டிருந்தாள்.

அப்படியொரு செடி இருப்பதே எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தேன், இருக்கிறது, அடி இரண்டாகப் பிரிந்து, மஞ்சள் பூவோடு. கோயம்புத்தூரில் இருப்பவளுக்கு எங்கள் வீட்டு மேற்குச் சுவர் எப்படித் தெரியும்? அரசி எப்போதாவது போட்டோ போட்டிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மாடிக்குப் போனதால் இதையும் எழுதி வைக்கிறேன். அங்கே முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர் எழும்பி நிற்கிறது. கடையில் சரக்கு வைக்க இடம் போதவில்லை. மாடியில் ஓர் அறை போட்டால் நல்லது என்று கொத்தனார் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன். அரசி கூரியர் ஆபீஸ் போயிருந்த நேரம் பார்த்து அவர் ஆட்களோடு வந்து நடுவில் இருந்த தொட்டிகளையெல்லாம் அள்ளி ஒரு மூலையில் குவித்துவிட்டார். நேரம் பார்த்து என்றால், அது தற்செயல். சில கிளைகள் ஒடிந்தன. அவள் வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒடிந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு கீழே வந்து எனக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகும் பல நாள் சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அப்புறம் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு சண்டை நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். ஒன்றுமே நடக்காமல் ஒரு பெண் எப்படிக் கோபித்துக்கொண்டு போவாள்? கோபித்துக்கொண்டு போனாள் என்று நான் சொல்லவில்லை. தங்கைக்கு உடம்பு சரியில்லை.

ரெட்டை அடி மஞ்சளுக்கு டபுள் தெர்மாகோல் வைத்துக் கட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

அதுவும் போயிற்று. ஆனால் ஃபிலோமினா மற்றவர்களைப் போலத் திட்டவில்லை. நீளமாக எழுதியிருந்தாள். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

'பெட்டியைத் திறந்தப்போ உள்ள வேர்த்து ஒழுகிச்சு. அது அடி முழுக்கத் தண்ணி சேத்து வைக்கிற செடி. கிளம்புற அன்னைக்குத் தண்ணி ஊத்தாதீங்க. தொட்டியும் மண்ணும் வேண்டாம். மண்ணை உதறி வேரை மூணு நாள் நிழல்ல காய விடுங்க. காஞ்ச பேப்பர் மட்டும் சுத்துங்க. பிளாஸ்டிக் படவே கூடாது. பெட்டியில ஓட்டை போடுங்க. அது மூச்சு விடணும்.'

முதலில் எரிச்சல்தான் வந்தது. வாங்குகிறவள் விற்கிறவனுக்குப் பாடம் எடுக்கிறாள். ஆனால் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். கண்ணாடி மூச்சு விடாது. அதனால் அது எனக்குத் தோன்றவில்லை.

அதே செடியின் ஒட்டு இன்னொன்று கிழக்கு வரிசையில் இருக்குமாம். அதை அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அதுவும் இருக்கிறது. எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, வேரைத் தாழ்வாரத்தில் செய்தித்தாள் மேல் கிடத்தியிருந்தேன். மூன்று நாளும் பார்க்கவே பாவமாக இருந்தது. துணி இல்லாத ஆள் மாதிரி கிடந்தது. இரண்டு தடவை தண்ணீர் தெளிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பட்டினி போட்டால் பிழைக்கும், ஊட்டினால் சாகும் என்றால் இது என்ன கணக்கு என்றே தெரியவில்லை.

இன்று பேப்பர் சுற்றி, பெட்டியில் நூலால் அசையாமல் கட்டி, பக்கத்துக்கு நாலு ஓட்டை போட்டு எடுத்துப் போனேன். ஜெயபாரதி பார்த்துச் சிரித்தாள்.

"இப்பத்தாண்ணே அக்கா பார்சல் மாதிரி இருக்கு. அக்கா இப்பிடித்தான் ஓட்டை போட்டுக் கொண்டாருவாங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையேண்ணே. கண்ணாடி ஸ்டிக்கரெல்லாம் ஒட்டி ஜம்முனு வந்தீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

இந்த வார்த்தையை அரசியும் சொல்வாள். நீங்க கேக்கலையே என்று. எப்போது சொன்னாள் என்பது ஞாபகம் வரவில்லை. அடிக்கடி சொல்லியிருப்பாள் போல.

ஜூன் 20, வெள்ளி

பிழைத்துவிட்டது. போட்டோ வந்தது. பேப்பரைப் பிரித்து ஒரு முறத்தில் கிடத்தி எடுத்திருந்தாள். தண்டு கல் மாதிரி இருக்கிறது, நுனியில் ஒரு மொட்டுகூட உதிரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடையில் வந்தவரிடமெல்லாம் காட்டினேன். பாத்ரூம் கண்ணாடி வாங்க வந்த மனிதர் மரியாதைக்குப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டார்.

நன்றி சொல்லலாம் என்று போத்தனூருக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்ணா."

"திண்டுக்கல்ல இருந்து ஞானசேகர் பேசுறேம்மா. செடி அனுப்புனேன்ல. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். ஒரு பக்க வேர் லேசா ஒடிஞ்சிருந்துச்சு, அதான் கேக்கலாம்னு..."

அந்தப் பக்கம் கையால் போனைப் பொத்துகிற சத்தம் கேட்டது. சரியாகப் பொத்தவில்லை. பின்னால் யாரோ, "ஒடிஞ்ச எடத்துல மஞ்சத்தூள் வச்சாப் போதும்னு சொல்லு" என்று சொன்னது கேட்டது.

"மஞ்சள் வெச்சாப் போதும்ங்ணா" என்றாள் ஃபிலோமினா. "நான் அப்புறம் கூப்பிடறனுங்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 21, சனி

போனில் பெண்களின் குரல் எல்லாமே ஒரே மாதிரிதான் கேட்கும்.

ஜூன் 23, திங்கள்

வெள்ளிக்கிழமை ராத்திரியே போத்தனூரிலிருந்து மேலும் இரண்டு செடி கேட்டு வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருப்பவை. எந்தப் போட்டோவிலும் வர முடியாத இடம் அது. மண்ணை உதிர்த்து மூன்று நாள் காய வைத்திருந்தேன், இன்று கட்டி அனுப்பினேன்.

சாயங்காலம் திருப்பூருக்கு, அரசியின் தங்கைக்கு போன் செய்தேன். இத்தனை நாள் செய்யவில்லை.

"காது இப்ப எப்பிடிம்மா இருக்கு?" என்றேன்.

"எந்தக் காது மாமா?" என்றாள் அவள். பிறகு, "அக்கா இங்க ரெண்டு நாள்தான் இருந்துச்சு. கூடப் படிச்ச ஃபிலோ அக்கா வீட்டு மாடியில எடம் இருக்குன்னு போயிருச்சு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

தெரியும்மா என்றேன்.

படிக்கிற காலத்துத் தோழி ஃபிலோவைப் பற்றி அரசி நிறையச் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் தினமும் ஒரு ஃபிலோ கதை இருக்கும். நான் எந்த ஃபிலோ என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கடை திறக்கவில்லை.

அவளுடைய செடிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பது நான். தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. என் காதில் விழுந்த குரல் எனக்குத் தெரியாதா?

நேரே வந்து கேட்டிருந்தால் நான் தரமாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜூன் 26, வியாழன்

இரண்டும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. அதற்கு அடுத்த நிமிஷமே இன்னொரு செய்தி. 'அந்த வெள்ளை வேண்டும்.'

எந்த வெள்ளை என்று எனக்கே தெரியும். மாடிப்படி ஏறினவுடன் நிற்கும் பெரிய செடி. அதுதான் எல்லாவற்றுக்கும் தாய்ச்செடி, அதிலிருந்து வெட்டித்தான் மற்றதையெல்லாம் ஒட்டுப் போட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அந்தச் செடி வீட்டுக்கு வந்த வருஷம் எது என்று மட்டும் நினைவிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தின வருஷம்.

அது இங்கே இருக்கிற வரைக்கும் அவள் வருவாள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அது போய்விட்டால் அவள் வருவதற்கு இந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை. நான் இருக்கிறேன். அது கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

மதியம் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டுச் சுவரை இடிக்கச் சொன்னேன்.

"என்னாண்ணே, கட்டச் சொன்னதும் நீங்கதான், இடிக்கச் சொல்றதும் நீங்கதான். வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

"மொதல்லயே கேட்டிருக்கணும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, சம்மட்டியை எடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் போத்தனூர் எண்ணுக்கு எழுதினேன். 'மாடி அறை வேலையை நிறுத்திட்டேன். சுவரை எடுத்தாச்சு. தொட்டியெல்லாம் பழைய இடத்திலேயே வச்சிருக்கேன்.'

படித்ததற்கு அடையாளம் வந்தது. வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. 'சரி. வெள்ளை எப்ப கிளம்பும்?'

ஜூன் 28, சனி

உண்மையை எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப்போவதில்லை.

வெள்ளையைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைக் காயப் போட்டிருக்கிறேன். இன்று காலை ஒரு சொம்பு தண்ணீரோடு அதன் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு சொம்பு போதும். ஊற்றி, பபிள் ஷீட் சுற்றி, டேப் ஒட்டி அனுப்பினால் போத்தனூர் போய்ச் சேரும்போது கூழாகிவிடும். என்னைக் குறை சொல்லவும் முடியாது, கண்ணாடிக்காரனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுவாள். அங்கே தாய்ச்செடி இல்லாமல் என்ன செய்வாள்? திரும்பி வருவாள். இங்கே இன்னும் செடிகள் இருக்கின்றன.

அப்படித்தான் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தது கட்டுவது ஒன்றுதான். காற்றுப் போகாமல், அசையவிடாமல், உடையாமல் கட்டி வைப்பது. இவ்வளவு நாளும் வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தேன் போல. ஒரு கீறல் விழவில்லை என்று பெருமையும் பட்டுக்கொண்டேன்.

சொம்புத் தண்ணீரை நானே குடித்தேன்.

ஜூன் 30, திங்கள்

காலையில் கேட்டேன். 'இது பெரிய செடி. பார்சலில் அடிபடும். நானே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தரட்டுமா? வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.'

இந்த முறை உடனே பதில் வந்தது. 'வேண்டாங்க. பார்சல்லயே அனுப்புங்க.'

வேண்டாங்க என்று எழுதுவது அரசிதான். ஃபிலோமினா என்றால் வேண்டாங்ணா என்றிருப்பாள். ஆக, மறைப்பதற்கு இனி இரண்டு பேருக்குமே ஒன்றும் இல்லை.

ஒரு வேலையை முழு மனசோடு செய்தேன் என்றால் அது இதுதான். இலைகளைக் காம்போடு கிள்ளி எடுத்தேன். ஒவ்வொரு வேருக்கும் தனித்தனியே பேப்பர் சுற்றினேன். கிளைகளுக்கு இடையில் பேப்பரை உருட்டி வைத்தேன், இறுக்காமல். டிவி வாங்கிய அட்டைப் பெட்டியில் குறுக்கே நூல் கட்டித் தண்டை நிறுத்தினேன். ஓட்டைகளைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றிலும் கண்ணை வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் வருகிறதா என்று.

ஜெயபாரதி பெட்டியைப் பார்த்துவிட்டு, "பெருசா இருக்கேண்ணே, எதும் விசேஷமா?" என்றாள்.

"அக்காவோடது. அதுக்கே அனுப்புறேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியை மற்ற மூட்டைகளோடு போடாமல் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

ஜூலை 2, புதன்

'வந்திருச்சு. ஒரு வேர்கூட ஒடியல. நல்லா கட்டியிருக்கீங்க.'

என் தொழிலில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அரசி பாராட்டியது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே நின்றேன். பிறகு அழுதேன்.

ஜூலை 5, சனி

பட்டுக்கோட்டையிலிருந்து ஓர் அம்மா சிவப்பு அடீனியம் கேட்டு எழுதியிருந்தார். பழைய வாடிக்கை போலிருக்கிறது. 'அக்கா, நல்லா இருக்கீங்களா? ஏன் இப்பல்லாம் போட்டோ போடுறதில்லை?' என்று கேட்டிருந்தார்.

போத்தனூருக்கு எழுதினேன். 'வாடிக்கைக்காரர்கள் கேட்கிறார்கள். உன் எண்ணைக் கொடுக்கட்டுமா? மிச்சச் செடிகளையும் ஒவ்வொன்றாக அனுப்பிவிடுகிறேன். அவசரமில்லாமல், நன்றாகக் காய வைத்து.'

'குடுங்க' என்று வந்தது. சிறிது நேரம் கழித்து, 'நேரத்துக்குச் சாப்பிடுங்க' என்று இன்னொன்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பாதி நாள் யோசித்தேன். சாப்பிடச் சொல்கிறாள், அவ்வளவுதான் அர்த்தம் என்று கடைசியில் விட்டுவிட்டேன்.

பட்டுக்கோட்டை அம்மாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அக்கா கொஞ்ச நாளைக்கு ஊரில் இல்லை என்று முதலில் எழுதி, அழித்தேன். தங்கை என்று ஆரம்பித்து, அதையும் அழித்தேன். பிறகு எழுதினேன். 'அக்கா இப்போது கோயம்புத்தூர் போத்தனூரில் இருக்கிறார். இனிமேல் அங்கேயேதான் இருப்பார். செடிக்கு அவரிடமே கேளுங்கள். இது அவர் எண்.'

'சரிங்க, ரொம்ப நன்றி' என்று போட்டார் அந்த அம்மா. போனை வைக்கப் போகும்போது இன்னொரு கேள்வியும் வந்தது.

'இவ்வளவு நேரமா அக்காதான்னு நெனச்சுப் பேசிட்டேன். நீங்க யாருங்க?'

யோசித்து யோசித்து, 'பேக்கிங் பார்க்கிறவன்' என்று பதில் போட்டேன்.